புது வீட்டு மீன் தொட்டி: மரகதம் பாட்டி குடும்பக் குழு

செல்வி: [படம்]

செல்வி: தொட்டி வந்துவிட்டது. குமார் ஆபீஸில் எல்லாரும் சேர்ந்து வாங்கித் தந்தது. லிஃப்ட் இல்லாத நான்காவது மாடி, தூக்கி வந்தவர்கள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஞாயிறு பால் காய்ச்சும்போது அதில் மீன் ஓட வேண்டும் என்று மாமியார் உத்தரவு. என்ன மீன் விடலாம்?

லட்சுமி அத்தை: தங்க மீன்

லட்சுமி அத்தை: எட்டு சிவப்பு ஒரு கறுப்பு

லட்சுமி அத்தை: வடகிழக்கு மூலை

கோபி: அத்தை வாஸ்து ஆபீஸ் திறந்தாச்சு

ரவி (மாண்டலே): அரோவானா வாங்கு அக்கா. முதலாளி வீடு மாதிரி இருக்கும்

சரோஜா அத்தை (சென்னை): எங்கள் கொளத்தூரில் தெருத் தெருவாக மீன் கடைதான். நீங்கள் பக்கத்தில் இருந்தால் நானே எடுத்துக் கொடுப்பேன்

தங்கராசு பெரியப்பா: செல்விக்கு. படத்தைப் பார்த்தால் 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் போலத் தெரிகிறது. அப்படியானால் ஏறக்குறைய 120 லிட்டர். தண்ணீர் மட்டுமே 120 கிலோ, அதோடு மண், கல், கண்ணாடி எல்லாம் இருக்கிறது. நடு ஹாலில் வைக்காதே, சுவரை ஒட்டி வை. ஜன்னல் வெயில் பட்டால் பாசி பிடிக்கும். அடுத்தது, ஞாயிற்றுக்கிழமை மீன் என்ற பேச்சே வேண்டாம். மீனின் கழிவிலிருந்து அமோனியா வரும். அதை நைட்ரைட்டாக மாற்ற ஒரு பாக்டீரியா, நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்ற இன்னொன்று. இரண்டும் பில்டர் பஞ்சில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை தண்ணீர் பளிச்சென்று இருக்கும், மீன் மட்டும் மிதக்கும். மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

கோபி: மீதி வேறு இருக்கிறதா

லட்சுமி அத்தை: ஆறு வாரம் வெறும் தொட்டியா. நல்ல நாளும் அதுவுமாக காலி பாத்திரம் வைக்கக் கூடாது

கோபி: தண்ணீர் இருக்குமே அத்தை

லட்சுமி அத்தை: நீ சும்மா இரு

தங்கராசு பெரியப்பா: தங்க மீன் வேண்டாம் லட்சுமி. அது குளிர்ந்த தண்ணீர் மீன். தின்பதும் அதிகம், கழிப்பதும் அதிகம். இந்தத் தொட்டியில் இரண்டு விட்டாலே நெருக்கடி, நீ ஒன்பது என்கிறாய். உன் வீட்டில் விட்டவை என்ன ஆயின என்று எல்லாருக்கும் தெரியும்.

லட்சுமி அத்தை: தெரியும் அண்ணே. நீங்கள் வந்து தண்ணீர் முழுவதையும் மாற்றிவிட்டுப் போன ராத்திரிதான் எல்லாம் போச்சு

தங்கராசு பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கோபி: படித்துவிட்டேன்

சந்திரா பெரியம்மா: சாப்பிட வாங்க. மூன்றாவது தடவை கூப்பிடுகிறேன்

ரவி (மாண்டலே): பெரியப்பா, அரோவானா?

தங்கராசு பெரியப்பா: அது இரண்டடிக்கு மேல் வளரும். ஒரு அடி அகலத் தொட்டியில் எப்படித் திரும்பும்? நம் பர்மாவின் தெற்கே தனிந்தாரிப் பக்கத்து ஆறுகளிலேயே உடம்பெல்லாம் கோலம் போட்ட மாதிரி ஒரு அரோவானா உண்டு. 2012-இல்தான் தனி இனம் என்று பெயர் வைத்தார்கள். ஆற்றிலேயே இருக்கட்டும்.

சரோஜா அத்தை (சென்னை): சண்டை மீன் வைங்கள். கூடவே அந்த வரி போட்ட மீன், டைகர் பார்ப். என் பேரன் வைத்திருக்கிறான், அழகாக இருக்கும்

கோபி: இரண்டும் ஒரே தொட்டியிலா அத்தை?

சரோஜா அத்தை (சென்னை): ஆமாம். இப்போது சண்டை மீனுக்கு வால் இல்லை

கோபி: 😂😂

தங்கராசு பெரியப்பா: டைகர் பார்ப் நீள வாலைக் கண்டால் விடாது, கடிக்கும். ஏஞ்சலும் நியான் டெட்ராவும் அப்படித்தான். கடைக்காரன் இரண்டையும் ஒரே பையில் போட்டுத் தருவான். ஏஞ்சல் குட்டியாக இருக்கும்வரை சிநேகம், வளர்ந்ததும் நியான் அதற்குப் பலகாரம். ஃபிளவர்ஹார்ன் தனிக்காட்டு ராஜா, கூட எதையும் வைக்க முடியாது. "தொட்டி சுத்தம் செய்யும் மீன்" என்று ஒரு கறுப்பு மீனைத் தள்ளிவிடுவான், வாங்காதே. அது ஒரு அடிக்கு மேல் போகும், அதன் கழிவை யார் சுத்தம் செய்வது?

குமார்: மாமா, எனக்குப் பயமே கரண்ட்தான். இங்கே ரங்கூன் தாமுவேயில் முறை வைத்துத்தான் விடுகிறார்கள். போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியவில்லை. பில்டர் நின்றுவிட்டால்?

ரவி (மாண்டலே): இங்கே அதைவிட மோசம்

லட்சுமி அத்தை: எங்கள் தெருவில் நேற்று ராத்திரி முழுக்க இல்லை. குழம்பு கெட்டுப்போச்சு

செல்வி: என்ன குழம்பு

லட்சுமி அத்தை: மீன் குழம்புதான்

கோபி: 🙏

தங்கராசு பெரியப்பா: குமார் கேட்டதுதான் கேள்வி. எல்லாரும் நிறத்தைப் பார்க்கிறீர்கள், ரங்கூனில் கரண்டையும் வெயிலையும் பார்த்துத்தான் மீன் எடுக்க வேண்டும். கௌராமிக்கும் சண்டை மீனுக்கும் செவுள் தவிர தலைக்குள் இன்னொரு சுவாச உறுப்பு உண்டு. மேலே வந்து வாயைத் திறந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். பில்டர் நின்றாலும் மற்ற மீன்களைவிடத் தாங்கும். அதிலும் தடித்த உதட்டுக் கௌராமி என்று ஒன்று இருக்கிறது, நம் இராவதி ஆற்று மீன். மூன்றரை அங்குலம் வரும், சாதுவானது, சூட்டையும் தாங்கும். அதில் ஒரு ஜோடி. அவற்றோடு முத்து டேனியோ ஏழெட்டு, கூட்டமாகத்தான் விட வேண்டும், தனியாக விட்டால் மிரளும். உடம்பில் வெயில் விழுந்தால் நீலமும் ஊதாவும் மாறி மாறி அடிக்கும், பக்கத்தில் நல்ல ஆரஞ்சுக் கோடு. அதுவும் எங்கள் மௌல்மீன் பக்கத்து மீன். 1860-லேயே தெனாசெரிம் மீன் என்று வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்தது, அப்போது மௌல்மீனும் தெனாசெரிமில்தான்.

கோபி: கடைசியில் மௌல்மீனில் வந்து நின்றாரா இல்லையா

சந்திரா பெரியம்மா: எதைப் பேசினாலும் அங்கேதான் வருவார்

ரவி (மாண்டலே): பெரியப்பா, உடம்பில் வெள்ளைப் புள்ளி, சிவப்புத் துடுப்பு, குட்டி மீன் ஒன்று. தௌங்ஜியில் இருக்கும் நண்பன் வாங்கி அனுப்புகிறேன் என்கிறான்

தங்கராசு பெரியப்பா: காலக்ஸி! அதைப் பற்றி எனக்குச் சொல்கிறாயா? 2006-இல் தௌங்ஜிக்குக் கிழக்கே ஹோபோன் பக்கத்துக் குளங்களில் கண்டார்கள். கண்ட உடனே உலகம் முழுக்கக் கேட்டார்கள். இருக்கிற குளத்தையே காலி செய்துவிடுவார்கள் என்று அப்போது பெரிய பயம். பிறகு தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கும் என்று தெரிந்தது. இன்லே ஏரியிலும் ஒன்று உண்டு, நீல உடம்பு, சிவப்பு மூக்கு, செதிலே கிடையாது. ஷான் ராஜாக்களின் பட்டம்தான் அதன் பெயர், ஸாப்வா. 1918-இல் எழுதியது. ஆனால் இவை மலை மீன்கள். இன்லே ஏறக்குறைய 880 மீட்டர் உயரம், அந்தத் தண்ணீருக்குப் பழகினவை. சித்திரை மாதம் தாமுவே நான்காவது மாடியில் கொண்டு வந்து விட்டால் பாவம். வேண்டாம்.

செல்வி: பெயர் கேட்கவே ஆசையாக இருக்கிறது பெரியப்பா

தங்கராசு பெரியப்பா: ஆசை எனக்கும்தான்

சரோஜா அத்தை (சென்னை): அலங்காரத்துக்கு நான் ஒன்று அனுப்பட்டுமா? தொட்டிக்குள் வைக்கிற புத்தர் தலை, பாசி படிந்த மாதிரி, ரொம்ப அழகு. பாரிஸ் கார்னரில் பார்த்தேன். ரவியின் நண்பர் யாரோ வருகிறாராமே

செல்வி: ஐயோ அத்தை வேண்டாம்

குமார்: வேண்டவே வேண்டாம்

லட்சுமி அத்தை: சரோஜா உனக்கு இந்த ஊர் மறந்துபோச்சு

சரோஜா அத்தை (சென்னை): ஏன்? சாமிதானே

குமார்: அதனால்தான் அத்தை. இங்கே புத்தர் உருவத்தை அழகுப் பொருளாக வைப்பதே பெரிய தப்பு. தலையை மட்டும் தனியாக, அதுவும் மீன் கழிக்கிற தண்ணீருக்குள். கீழ் வீட்டு டோ கின் அம்மா பார்த்தால் அன்றைக்கே வீட்டைக் காலி செய்யணும்

கோபி: வீடு சொந்தம் மச்சான்

குமார்: அப்படியும்

லட்சுமி அத்தை: அப்போ நம் பிள்ளையார். காளி கோயில் வாசலில் சின்னதாக விற்கிறான்

கோபி: பிள்ளையார் மேல் மீன் கழித்தால் பரவாயில்லையா அத்தை?

லட்சுமி அத்தை: வாயைக் கழுவு

தங்கராசு பெரியப்பா: அது சுண்ணாம்புப் பிள்ளையார், மேலே வர்ணம். ஊறி உதிரும், வர்ணம் தண்ணீரில் இறங்கும். பிள்ளையாரைப் பூஜை மாடத்தில் வை. தொட்டிக்குள் மரமும் கல்லும் செடியும் போதும். காய்ந்த மரக்கட்டையை ஊறவைத்து, நன்றாகக் கொதிக்கவைத்துப் போடு, இல்லாவிட்டால் தண்ணீர் தேயிலைச் சாயம் ஆகிவிடும். கல் எடுத்தால் அதன் மேல் நாலு சொட்டு காடி (வினிகர்) விடு. நுரைத்தால் சுண்ணாம்புக் கல், தண்ணீரைக் கடினமாக்கும், வைக்காதே.

செல்வி: ஙபலி கடற்கரையிலிருந்து கொண்டு வந்த சிப்பி, பவளம் எல்லாம் ஒரு டப்பா நிறைய இருக்கிறதே

தங்கராசு பெரியப்பா: அதுவும் சுண்ணாம்புதான். ஷோகேஸில் வை.

ரவி (மாண்டலே): கல்லாகிப்போன மரம்? மக்வே பக்கம் கிடைக்குமே

தங்கராசு பெரியப்பா: சபாஷ். அது சிலிக்கா, கரையாது, நுரைக்காது. எங்கள் வீட்டிலேயே அப்பா வாங்கி வைத்த துண்டு இருக்கிறது, கையளவு, வளையம் வளையமாக. செல்விக்கு அனுப்புகிறேன்.

சந்திரா பெரியம்மா: கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிற கல்லா?

தங்கராசு பெரியப்பா: ஆமாம்

சந்திரா பெரியம்மா: அப்போ கதவுக்கு?

கோபி: பிளாஸ்டிக் செடி நான் தருகிறேன், சும்மா கிடக்கிறது

தங்கராசு பெரியப்பா: முனை கூர், துடுப்பு கிழியும். உன் வீட்டுத் தொட்டி இன்னும் ஓடுகிறதா கோபி? கப்பி மீன் இருக்கிறதா?

கோபி: இருக்கிறதாவா. பத்து விட்டேன், இப்போது எண்ண முடியவில்லை

தங்கராசு பெரியப்பா: அப்படியானால் ஒரு வழி இருக்கிறது. உன் பில்டர் பஞ்சில் பாதியைப் பிய்த்து, உன் தொட்டித் தண்ணீரிலேயே ஈரமாக வைத்து, அன்றைக்கே கொண்டுபோய் செல்வியின் பில்டருக்குள் வை. குழாயில் அலசாதே. அதில் பாக்டீரியா உயிரோடு வரும். முதலில் டேனியோ மட்டும் மூன்று நாலு விடலாம், குறைவாகத் தீனி. கௌராமி பிறகு. கரண்ட் இல்லாதபோது தீனியே போடக் கூடாது. பாட்டரியில் ஓடும் காற்றுக் குழாய் ஒன்று வாங்கி வை, அது பஞ்சுக்கும் உயிர்.

குமார்: சரி மாமா. தண்ணீர்? இங்கே குழாய்க் கிணறுதான், இரும்பு வாசனை

செல்வி: கேன் தண்ணீர் ஊற்றலாமா

தங்கராசு பெரியப்பா: கேன் தண்ணீரில் தாது எல்லாம் எடுத்திருப்பார்கள், அது மட்டும் ஆகாது. கிணற்றுத் தண்ணீரைப் பெரிய பாத்திரத்தில் பிடித்து, காற்றுக் குழாய் விட்டு, ஒரு நாள் வைத்தால் இரும்பு செம்மண் மாதிரி அடியில் படியும். மேலே இருப்பதை மட்டும் எடு.

லட்சுமி அத்தை: பெரிய பாத்திரம் என்றால் அந்த பித்தளை அண்டா இருக்கிறது. இருபது குடம் பிடிக்கும். செல்வி வந்து எடுத்துக்கொள்

சரோஜா அத்தை (சென்னை): எந்த அண்டா?

கோபி: வந்தாச்சு

சரோஜா அத்தை (சென்னை): 64-இல் கப்பல் ஏறும்போது எங்கள் அம்மா விட்டுவிட்டு வந்த அண்டாவா? அம்மா பெயர் வெட்டியிருக்குமே

லட்சுமி அத்தை: பெயர் தேய்ந்துபோச்சு

சரோஜா அத்தை (சென்னை): தேய்ந்தால் இல்லை என்று ஆகுமா அக்கா. சாகும்வரை அம்மா அதைத்தான் கேட்டாள். கூட எதையும் கொண்டுவர விடவில்லை என்றுதான் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள்

லட்சுமி அத்தை: அறுபது வருஷமாகப் புளி போட்டுத் தேய்த்தது யார்? மொட்டைமாடி கட்டும்போதும் விற்கவில்லை. வந்து எடுத்துக்கொள் என்றுதானே சொல்கிறேன்

சரோஜா அத்தை (சென்னை): விமானத்தில் அண்டாவா

தங்கராசு பெரியப்பா: யாரும் எடுக்க வேண்டாம். பித்தளையில் செம்பு இருக்கிறது, ஊறினால் மீனுக்கு விஷம். பிளாஸ்டிக் வாளி போதும். அந்த அண்டாவைக் கப்பலில் அம்மா ஏற்றிவிட முடியாமல் திரும்பிக் கொண்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். எனக்குப் பதினொரு வயது.

சரோஜா அத்தை (சென்னை): சரி அண்ணே

சரோஜா அத்தை (சென்னை): ஒரு படம் மட்டும் அனுப்பு அக்கா. பெயர் இருக்கிற பக்கம்

லட்சுமி அத்தை: விளக்கு வரட்டும்

செல்வி: கோபி, பஞ்சு எப்போது கொண்டுவருகிறாய்?

கோபி: சனி சாயந்திரம். மாடி ஏற மாட்டேன். பால்கனியிலிருந்து கயிறு விடு, கிளிப்பில் மாட்டிவிடுகிறேன்

செல்வி: மீனையும் அப்படியே ஏற்றலாம் போல

தங்கராசு பெரியப்பா: ஏற்றாதே, பை ஆடும். கையில் கொண்டுபோ. பையை அரை மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, சூடு சமமான பிறகு திற. கடைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதே.

ரவி (மாண்டலே): ஸ்டாண்டைச் சுவரில் இறுக்கிக் கட்டுங்கள் மச்சான். 2025 மார்ச் 28 பூகம்பத்தில் எங்கள் முதலாளி வீட்டில் பாதித் தண்ணீர் தரையில். படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்

குமார்: கட்டிவிடுகிறேன். அப்போ வடகிழக்கா, சுவர் ஓரமா?

லட்சுமி அத்தை: வடகிழக்கு

தங்கராசு பெரியப்பா: சுவர் ஓரம்

செல்வி: வடகிழக்கில் ஜன்னல் இருக்கிறது

லட்சுமி அத்தை: திரை போடு

கீதா அண்ணி: இப்போதுதான் பார்த்தேன். 146 செய்தி. யார் போனது???

கோபி: யாரும் போகவில்லை அண்ணி. மீன் வருகிறது

கீதா அண்ணி: பயந்துவிட்டேன். சரி, ஞாயிறு காலை டிபன் என்ன? நான் மொகிங்கா செய்யட்டுமா

லட்சுமி அத்தை: கிரகப்பிரவேசத்துக்கு மீன் குழம்பில் மொகிங்காவா

கோபி: தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து

குமார்: அம்மா சைவம்தான் என்கிறார்கள். ஆனால் ஆபீஸ் ஆட்களுக்கு மதியம் பிரியாணி சொல்லியாச்சு

லட்சுமி அத்தை: யாரைக் கேட்டுச் சொன்னாய்?

குமார்: செல்வியை

செல்வி: நான் சொல்லவில்லை

தங்கராசு பெரியப்பா: டேனியோ துள்ளும் மீன். தொட்டிக்கு மூடி இருக்கிறதா? படத்தில் தெரியவில்லை.

சந்திரா பெரியம்மா: நாங்கள் சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறோம். கல்லை மடியில் வைத்துக்கொண்டு இவர்தான் வருவார். அரிசி எத்தனை படி போடுகிறீர்கள் என்று யாராவது சொல்லுங்கள்