குளிரில் ப்ரொப்பேன் ஃபோர்க்லிஃப்ட் ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுவிடுகிறது – உதவி தேவை

கேட்டவர் (பிராம்ப்டன், கனடா):
வணக்கம். எங்கள் கிடங்கில் 5000 பவுண்ட் தூக்கும் ப்ரொப்பேன் ஃபோர்க்லிஃப்ட் ஒன்று இருக்கிறது. ராத்திரி வெளியேதான் நிற்கும். மைனஸ் 15க்குக் கீழே போனால் காலையில் தொல்லை. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, இழுத்தடித்துப் பிடிக்கிறது, ஒரு நிமிடம் ஓடித் திணறி நின்றுவிடுகிறது. அப்போது ரெகுலேட்டர் (கேஸின் அழுத்தத்தைக் குறைத்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) மேல் வெள்ளை வெளேரென்று உறைபனி. அது உருகும்வரை விட்டுவிட்டுப் போட்டால் மறுபடி பிடிக்கிறது. சிலிண்டரில் முக்கால்வாசி கேஸ் இருக்கிறது, பிளக் புதிது. எங்கே பார்ப்பது?

பதில் 1:
குளிரில் சிலிண்டரில் அழுத்தம் இறங்கியிருக்கும். சிலிண்டரைச் சூடுபடுத்திப் பாருங்கள்.

பதில் 2 (ஃபோர்க்லிஃப்ட் மெக்கானிக்):
தம்பி, சிலிண்டரைச் சூடுபடுத்த வேண்டாம், அதுவும் நெருப்பு பக்கத்திலேயே போகக்கூடாது. ப்ரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும். மைனஸ் 20லும் சிலிண்டருக்குள் சதுர அங்குலத்துக்கு 20 பவுண்ட் போல அழுத்தம் இருக்கும். எஞ்சினுக்கு அது போதும்.

ஃபோர்க்லிஃப்ட் சிலிண்டரிலிருந்து வருவது ஆவி இல்லை, திரவம். அது ரெகுலேட்டருக்குள் ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அந்தச் சூட்டைக் கொடுப்பது எஞ்சின் கூலன்ட், அதாவது எஞ்சினைச் சுற்றி ஓடும் குளிரூட்டும் திரவம். கடும் குளிரில் முதல் ஒன்றிரண்டு நிமிடம் லேசாகப் பனி பூப்பது சகஜம். பூத்து எஞ்சினே நிற்கிறது என்றால் கூலன்ட் அங்கே போகவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்த தடவை பிடித்ததும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் விடுங்கள். எஞ்சின் சூடானபின் ரெகுலேட்டருக்குப் போகும் இரண்டு கூலன்ட் ஹோஸையும் கையால் தொட்டுப் பாருங்கள், ஃபேன் பக்கம் கை போகாமல். இரண்டும் சூடு என்றால் அந்தப் பக்கம் சரி. ஒன்று சூடு, ஒன்று ஜில் என்றால் கூலன்ட் குறைவு, காற்று அடைப்பு, இல்லாவிட்டால் ஹோஸ் மடங்கியிருக்கும். எஞ்சினே சூடேறவில்லை என்றால் தெர்மோஸ்டாட் (கூலன்ட் ரேடியேட்டருக்குப் போவதைக் கட்டுப்படுத்தும் வால்வு) திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கலாம்.

பதில் 3:
இழுத்தடித்துப் பிடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிலிண்டர் வால்வைப் படாரென்று திறந்தால் உள்ளே இருக்கும் அதிக ஓட்டத் தடுப்பு வால்வு மூடிக்கொள்ளும், கேஸ் வராது. மூடிவிட்டுச் சில விநாடி பொறுத்து மெதுவாகத் திறங்கள். அப்புறம், சிலிண்டர் அதைத் திரும்பாமல் நிறுத்தும் பின் (pin) மேல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். திரும்பிப் படுத்திருந்தால் உள்குழாய் திரவத்துக்கு மேலே நின்று ஆவியை இழுக்கும்.

கேட்டவர்:
அண்ணா சொன்னதுதான். ஒரு ஹோஸ் சூடு, மற்றது ஐஸ் மாதிரி. எஞ்சின் ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கூலன்ட் கண்ணுக்கே தெரியவில்லை. கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றிக் காற்றை வெளியேற்றினோம். இன்று காலை மைனஸ் 18, பிடித்து நிற்காமல் ஓடுகிறது. ஆனால் இருந்த கூலன்ட் எங்கே போனது?

பதில் 2:
அதைக் கண்டுபிடிக்காமல் விடக்கூடாது. முதலில் கிளாம்புகள், வாட்டர் பம்ப். பிறகு எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைக் கழற்றி வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கலாம், இல்லை ரெகுலேட்டருக்குள் கசிந்து ப்ரொப்பேன் கூலன்ட்டில் கலக்கலாம். அப்படியென்றால் உடனே நிறுத்திச் சிலிண்டரை மூடுங்கள், வண்டி உள்ளே வரவேண்டாம். ப்ரொப்பேன் காற்றைவிடக் கனம். டாக் லெவலர் (லாரிக்கும் கிடங்குத் தரைக்கும் பாலம் போடும் தட்டு) குழியில் போய்த் தேங்கும், ஒரு பொறி போதும். எரிபொருள் பக்கம் கைவைக்க ஒன்டாரியோவில் டிஎஸ்எஸ்ஏ (மாகாணத்தின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பு) சான்றிதழ் உள்ளவர்தான் வரவேண்டும்.

கேட்டவர்:
குமிழி இல்லை. ரெகுலேட்டரின் கீழ் ஹோஸ் கிளாம்பைச் சுற்றி இளஞ்சிவப்பாகக் காய்ந்த படிவம் இருந்தது, கசிவு அங்கேதான். ஹோஸ் நுனியை வெட்டிப் புதுக் கிளாம்ப் போட்டாச்சு. ரொம்ப நன்றி அண்ணா.