மக்கள் தொடர்புப் படிப்பு: வகுப்பா, களமா?

பத்துமலை_வாசகி:
கோலாலம்பூரில் மக்கள் தொடர்புத் துறையில் இறுதியாண்டு மாணவி. இத்தனை வருஷத்தில் நான் எழுதிய செய்தி அறிக்கை நான்கே நான்கு. நான்கும் விரிவுரையாளர் மேசையோடு சரி, ஒரு நிருபர்கூடப் பார்த்ததில்லை. கோட்பாட்டுப் பாடங்களைக் குறைத்துவிட்டு வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்கிறேன். உங்கள் கருத்து?

செந்தூல்_அண்ணன்:
தங்கச்சி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. நான் ஒரு தமிழ் நாளிதழில் 11 வருஷம் செய்திப் பிரிவில் இருந்தவன். சாயந்திரம் ஆறரைக்கு, பக்கம் முடிக்கிற நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் அறிக்கை வரும். மலாயில் இரண்டு பக்கம். முதல் பத்தி முழுக்க டத்தோ, டத்தின் என்று பட்டம் பெற்ற பிரமுகர்களின் பெயர் வரிசை. ரத்த தான முகாம் எந்த மண்டபத்தில், எத்தனை மணிக்கு என்பது கடைசி வரியில் கிடக்கும். சில நாள் அதுவும் இருக்காது. கேட்கலாம் என்று போன் அடித்தால் எடுக்க ஆள் இல்லை. படத்தில் பத்துப் பேர் மாதிரிக் காசோலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், ஒருவர் பெயரும் இருக்காது. அனுப்பியவர் பட்டதாரி. ஒரு மாதம் பத்திரிகை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தால் இப்படி அனுப்ப அவருக்கே மனம் வராது.

ஜெலுத்தோங்காரன்:
அண்ணே, அறிக்கை எழுதுவது வேலைக்குப் போன மூன்றாம் மாதம் கைக்கு வந்துவிடும். யாரிடம், எதை, எந்த மொழியில் சொல்வது என்பதுதான் கஷ்டம். காணாமல்போன மலேசிய விமானம் எம்எச்370இல் 239 பேர். அதில் 153 பேர் சீன நாட்டவர். யாரும் பிழைக்கவில்லை என்ற தகவல் 2014 மார்ச் 24 அன்று சில குடும்பங்களுக்குக் குறுஞ்செய்தியாகப் போனது, அதுவும் ஆங்கிலத்தில். அனுப்பத் தெரியாமலா? அதைக் கையில் வாங்கிப் படிக்கப்போகும் அம்மாவை நினைக்கவில்லை. அந்த யோசனையை ஊட்டுவது நீங்கள் குறைக்கச் சொல்லும் பாடங்கள்தான்.

செந்தூல்_அண்ணன்:
அதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது தம்பி. ஆனால் வகுப்பில் உட்கார்ந்து யோசிக்க எல்லாராலும் முடியும். பதற்றத்தில்தான் மறந்துபோகும். 1906இல் அமெரிக்காவில் ரயில் விபத்து நடந்தபோது, மூடி மறைக்காமல் நிருபர்களை அந்த இடத்துக்கே கூட்டிப்போக ஏற்பாடு செய்தார் மக்கள் தொடர்புத் துறையின் முன்னோடி ஐவி லீ. அவரே முன்னாள் நிருபர். களத்தில் நின்றவருக்குத்தான் அது தோன்றும்.

ஜெலுத்தோங்காரன்:
அவர் செய்ததை நாம் இன்றும் பேசுகிறோம் என்றால், யாரோ பாடமாக எழுதி வைத்ததால்தானே? செய்தியாளர் சந்திப்புக்கு ஒத்திகை வைக்கட்டும், உண்மையான நிருபர்களை அழைத்துக் குடையட்டும். அதற்கு நான் தடையில்லை. பாட நேரத்தில் கைவைக்க வேண்டாம், அவ்வளவுதான்.

பத்துமலை_வாசகி:
ஒத்திகை யோசனையைத் துறைத் தலைவரிடம் திங்கட்கிழமையே கேட்கிறேன். அப்புறம் அண்ணே, அந்த ரத்த தான அறிக்கையைத் தமிழிலும் மலாயிலும் எழுதி இங்கே போடட்டுமா? திருத்திக் கொடுப்பீர்களா?

செந்தூல்_அண்ணன்:
போடுங்கம்மா. மண்டபம், நேரம் முதல் பத்தியில் வரட்டும். எடுத்துப் பேசுகிற ஒருவரின் எண்ணும் வேண்டும்.