கப்பல் உடைப்புத் தளங்களின் ஆபத்துக்கு யார் விலை கொடுப்பது?

நிலாமதி:
ஓடி ஓய்ந்த பெருங்கப்பல்களில் மிகப் பெரும்பாலானவை குஜராத்தின் அலங், வங்கதேசத்தின் சீத்தாகுண்டா, பாகிஸ்தானின் கடானி ஆகிய மூன்று கடற்கரைகளில்தான் உடைக்கப்படுகின்றன. ஓதம் உச்சத்தில் இருக்கும்போது கப்பலை முழு வேகத்தில் ஓட்டிவந்து சேற்றில் ஏற்றிவிட்டு, நீர் வடிந்ததும் கேஸ் கட்டருடன் ஆட்களை அனுப்புகிறார்கள். எண்ணெய் ஆவி தங்கிய தொட்டியில் தீப்பொறி விழுந்தால் என்ன நேரும் என்பதற்குக் கடானியே சாட்சி. 2016 நவம்பர் 1 அன்று அங்கே ஓர் எண்ணெய்க் கப்பல் வெடித்து 25க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கரையேற்றி உடைக்கும் இந்த முறையை அடியோடு தடைசெய்ய வேண்டும் என்பது என் நிலைப்பாடு. வடக்கு வங்கதேசத்தில் வயல்வேலை இல்லாத மாதங்களில் ஊரைவிட்டுக் கிளம்பும் இளைஞன் வேறு வழியின்றித்தான் அந்தத் தளத்துக்கு வருகிறான். அதற்குச் சம்மதம் என்று பெயர் சூட்டுவது முதலாளிகளுக்கு மட்டுமே வசதி.

அரங்கநாதன்:
தடை போட்ட மறுநாள் அந்த இளைஞன் எங்கே போவான் என்பதை நீங்கள் சொல்லவில்லை. இரும்புத் தாது வெட்டியெடுக்கும் சுரங்கம் இல்லாத வங்கதேசம், வீடு கட்டும் கம்பிக்கு இந்தக் கப்பல் தகடுகளைப் பெரிதும் நம்பியிருக்கிறது. சீத்தாகுண்டாவை அடுத்த பாட்டியாரியின் சாலையோரக் கடைகளில் கப்பலிலிருந்து இறக்கிய கட்டில், கழுவுதொட்டி, ஜெனரேட்டர், வடக்கயிறு எல்லாம் விலைபோகின்றன; தளத்துக்கு வெளியேயும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இதனால்தான் பிழைக்கின்றன. கிளெமான்சோ என்ற பிரெஞ்சு விமானந்தாங்கிக் கப்பலை நினைத்துப் பாருங்கள். அலங்குக்குப் புறப்பட்ட அதை எதிர்ப்புக்குப் பணிந்து 2006இல் திருப்பி அழைத்து, பின்னர் இங்கிலாந்தில் உடைத்தார்கள். அதனால் அலங் தொழிலாளிக்கு ஒரு தலைக்கவசமாவது கூடுதலாகக் கிடைத்ததா? மாறாக, கப்பல்களைப் பாதுகாப்பாக உடைப்பதற்காக 2009இல் ஏற்கப்பட்ட ஹாங்காங் சர்வதேச உடன்படிக்கை 2025 ஜூன் 26 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது; இந்தியா 2019இலும் வங்கதேசம் 2018இலும் தனிச்சட்டம் இயற்றின; அலங்கில் பல தளங்கள் காங்கிரீட் தரையும் கிரேனும் அமைத்திருக்கின்றன. தொழிலை வாழவிட்டுத்தான் அதைத் திருத்த முடியும்.

கடலோடி:
நான் வணிகக் கப்பல்களில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன்; ஒரு பழைய எண்ணெய்க் கப்பலை அதன் கடைசிப் பயணத்தில் அலங்குக்குக் கொண்டுசென்ற குழுவில் இருந்தேன். அதில் கண்டதைச் சொல்கிறேன். உரிமையாளர் கப்பலை நேரடியாக உடைப்பவருக்கு விற்கவில்லை. ரொக்கம் கொடுத்து வாங்கும் இடைத்தரகருக்கு விற்றார். கைமாறிய சில நாட்களிலேயே பின்புறத்தில் இருந்த பெயரில் மூன்று எழுத்துகளைப் பெயிண்டால் மறைத்து, எஞ்சியதையே புதுப்பெயராக வைத்து, கொமொரோஸ் நாட்டில் பதிவுசெய்து அதன் கொடியை ஏற்றினார்கள். அந்தத் தீவு நாட்டுக்கும் அந்தக் கப்பலுக்கும் அதற்குமுன் எந்தத் தொடர்பும் இல்லை. சரக்குத் தொட்டிகளை முழுமையாகக் கழுவி ஆவி நீக்குவதற்கு நாளும் எரிபொருளும் செலவாகும் என்பதால் அந்த வேலையைப் பெயருக்குச் செய்தோம். இன்ஜின் அறைக் குழாய்களில் சுற்றியிருந்த ஆஸ்பெஸ்டாஸ் அப்படியே இருந்தது. நாங்கள் இறங்கிச் சம்பளத்தோடு ஊர் திரும்பினோம். அந்தக் குழாய்களை யாரோ ஒருவர் பின்னர் கையால் உரித்திருப்பார். அரங்கநாதன் சொல்லும் காங்கிரீட் தரை உண்மைதான்; ஆனால் ஆபத்து கரையில் பிறப்பதில்லை, கப்பலுக்குள்ளேயே வந்துசேர்கிறது. சீத்தாகுண்டாவில் 2024 செப்டம்பரில் வெடித்த தளம் பசுமைச் சான்று பெற்றிருந்த தளம் என்பதையும் கவனிக்க வேண்டும்.

நிலாமதி:
கடலோடி ஐயா எழுதியதுதான் என் வாதத்தின் ஆதாரம். எடைக்கு எடை பார்த்தால் துருக்கித் தளங்களைவிடத் தெற்காசியத் தளங்கள் கப்பலுக்கு அதிக விலை தருகின்றன. கழுவாத தொட்டியும் காப்பீடு இல்லாத கூலியாளும் அந்தக் கூடுதல் விலைக்குள் இருக்கிறார்கள். பாதுகாப்பைக் கேட்டால் பிழைப்பு போய்விடும் என்ற அச்சத்தை வங்கதேசமே ஒருமுறை பொய்யாக்கியிருக்கிறது. 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா என்ற ஆடைத் தொழிற்சாலைக் கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டபின், ஆடை நிறுவனங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் உருவாகித் தொழிற்சாலைகள் சோதிக்கப்பட்டன. ஆடை ஏற்றுமதி அதற்குப்பின் வளரத்தான் செய்தது.

அரங்கநாதன்:
அந்த ஒப்பீட்டில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. சட்டையின் கழுத்தில் நிறுவனத்தின் பெயர் தைக்கப்பட்டிருப்பதால் வாங்குபவர் கேள்வி கேட்டார். கரைக்கு வரும் கப்பலுக்கோ பெயரும் இல்லை, உரிமையாளரும் இல்லை, அதை வாங்கும் பொதுமக்களும் இல்லை. ஆகவே அங்கே வென்ற வழி இங்கே செல்லாது. எனக்கு நம்பிக்கை தருவது நீதிமன்ற வழி. 2018இல் சீத்தாகுண்டா அமைந்திருக்கும் சட்டோகிராமில் (சிட்டகாங்) கப்பலிலிருந்து விழுந்து இறந்த தொழிலாளியின் மனைவி, விற்பனையில் பங்குகொண்ட பிரிட்டன் நிறுவனத்தின் மீது லண்டனில் வழக்குத் தொடுத்தார். தொடக்கத்திலேயே வழக்கைத் தள்ளிவிட வேண்டும் என்ற நிறுவனத்தின் கோரிக்கையை 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. தளத்தை மூடாமலேயே பழைய உரிமையாளரைப் பிடிக்க முடியும் என்பதற்கு இது முதல் அடி.

நிலாமதி:
இறந்தபின் வழக்காட எத்தனை குடும்பங்களால் லண்டன் வரை போக முடியும்? கப்பல் ஓடிச் சம்பாதிக்கும் 25, 30 ஆண்டுகளிலும் ஒவ்வொரு துறைமுக வருகையின்போதும் ஒரு தொகையைப் பிடித்து வைத்து, முறையாகச் சுத்தம்செய்து உடைக்கப்பட்ட பிறகே அதைத் திருப்பித் தர வேண்டும் என்று விதிக்கலாம். அப்போது கொடியை மாற்றினாலும் பணம் கப்பலோடு கட்டுண்டிருக்கும்.

அரங்கநாதன்:
அந்த நிதியை நானும் ஆதரிப்பேன், தொகை கரையேற்றத் தடையோடு பிணைக்கப்படாவிட்டால். அலங்கும் சீத்தாகுண்டாவும் அதற்குத் தகுதிபெற வழி இருக்க வேண்டும். இல்லையேல் ஏழைத் தொழிலாளியின் பெயரால் திரட்டிய பணம் துருக்கிக்கும் ஐரோப்பாவுக்கும் போய்ச் சேரும்.

கடலோடி:
தகுதிக்கு ஒரே ஒரு நிபந்தனையை முதலில் வையுங்கள். கடைசிச் சரக்கை இறக்கிய துறைமுகத்திலேயே தொட்டிகளைக் கழுவி, ஆவி நீக்கி, அங்குள்ள வேதியியலாளர் சோதித்துச் சான்று தரும்வரை கப்பல் புறப்படக் கூடாது. அந்த வேலைக்குத் தேவையான பம்பும் மின்சாரமும் பழகிய ஆட்களும் அப்போது கப்பலில் இருக்கிறார்கள். சேற்றில் ஏறி இன்ஜின் நின்றபின் அவற்றில் எதுவும் இருப்பதில்லை.