சர்க்கஸ் பார் விளையாட்டு: கேட்சர் கைக்கு எட்டாமல் விழுவது எதனால்?

ஊஞ்சல்கயிறு:
புதிதாகப் பழகும் ஃப்ளையர் (ஊஞ்சலிலிருந்து பாய்பவர்), ஒரு குட்டிக்கரணம் போட்டுக் கேட்சர் (எதிர் ஊஞ்சலில் தொங்கிப் பிடிப்பவர்) கைக்குப் போக வேண்டும். பாதித் தடவை விரல் நுனி உரசி, வலையில் விழுகிறார், அதுவும் கால் ஊன்றி. வீச்சு உயரம் போதுமானது. எங்கே பிசகுகிறது?

கூடாரம்:
விரல் உரசுகிறது என்றால் நேரம்தான் தப்புகிறது. 4 மீட்டர் ஊஞ்சல் ஒருமுறை போய்வர ஏறக்குறைய 4 நொடி. அதைத் தீர்மானிப்பது கயிற்றின் நீளமே, ஆளின் எடை அல்ல. இரண்டு ஊஞ்சலும் சம நீளம் என்றால், கேட்சர் தன் வீச்சின் பின்கோடிக்கு (ஃப்ளையரை விட்டு விலகிய முனைக்கு) போய்ச் சேருவதற்குச் சற்று முன்பே இவர் தான் நிற்கும் மேடைப் பலகையை விட்டுக் கிளம்ப வேண்டும். கரணம் போட ஆகும் நேரத்தை அதில் கழித்துக்கொள்ளுங்கள். பலகையில் தயங்கினால் கேட்சர் திரும்பிப் போகத் தொடங்கியிருப்பார், அதைக் காற்றில் சரிக்கட்டவே முடியாது.

பாரை, அதாவது ஊஞ்சலின் கைப்பிடிக் கம்பியை, விடும் இடத்தையும் பாருங்கள். வீச்சின் உச்சியில், உடல் கனமே இல்லாததுபோல் தோன்றும் கணத்தில் விட வேண்டும். முந்தினால் உயரம் கிடைக்காமல் கேட்சர்மேல் பாய்வார். பிந்தினால் பின்னோக்கி இறங்குவார்.

பார்மாஸ்டர்:
இன்னொன்று, இவர் கேட்சரின் கையைப் பிடிக்கப் பாய்கிறாரா? பாயக் கூடாது. கரணம் முடிந்ததும் கைகளை நேராக நீட்டிவைத்தால் போதும், பிடிப்பது கேட்சர் வேலை. பிடி விரலில் அல்ல, மணிக்கட்டோடு மணிக்கட்டு. இருவரும் மணிக்கட்டில் துணிப்பட்டை சுற்றி, மக்னீசியம் கார்பனேட் பொடியை மெல்லிசாகத் தேய்க்க வேண்டும். அப்பினால் பொடியே வழுக்கும். 1982-இல் சர்க்கஸ் ஃப்ளையர் மிகேல் வாஸ்கெஸ் நான்கு கரணம் போட்டு அண்ணன் ஹுவான் கையில் சேர்ந்ததற்கும் இதே விதிதான்.

கூடாரம்:
கால் ஊன்றுவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்! பாதம் வலைக்கண்ணில் சிக்கினால் கணுக்காலும் முழங்காலும் போகும். முதுகு முழுதும் ஒரே நேரத்தில் படிய, தாடையை மார்போடு ஒட்டி விழ வேண்டும். குப்புற விழுந்தால் இடுப்பு பின்னால் வளையும், முகம் கயிற்றில் தேயும். முதல் எகிறலில் எழுந்து நிற்க முயல வேண்டாம், வலை அடங்கட்டும்.

பார்மாஸ்டர்:
மழை பெய்த மறுநாள் வலையைக் கட்டாயம் சோதியுங்கள். பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கி இறுகும், காய்ந்தால் தளரும். ஈர மண்ணில் வலையை இழுத்துக் கட்டிய முளைகளும் இளகிவிடும். இறுகிய வலை ஆளைத் தூக்கி எறியும், தளர்ந்தது தரையைத் தொடவிடும்.