வார்ப்புருவின் மேலேயே சேமித்துவிடுகிறார்கள்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

வரைவுமேசை எழுதியது:

கடன் ஒப்பந்தங்களைத் தயாரிக்கும் பிரிவில் பணிபுரிகிறேன். பொதுக் கோப்புறையில் ஒப்பந்த வார்ப்புரு, அதாவது ஒவ்வொரு புதிய ஒப்பந்தத்துக்கும் அடிப்படையான வேர்டு மாதிரிக் கோப்பு, இருந்தது. அதை இருமுறை சொடுக்கினால் புதிய ஆவணம் உருவாகும். வேர்டுக்குள்ளிருந்து திறந்தாலோ, சுட்டியின் வலது பொத்தானைச் சொடுக்கித் ‘திற’ என்று கொடுத்தாலோ வார்ப்புருவே திறந்துகொள்ளும் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரிந்ததுதான். யாரோ ஒருவர் அப்படித் திறந்து, ஒரு வாடிக்கையாளரின் பெயரையும் அவர் பிணையாகக் கொடுத்த வீட்டின் விவரத்தையும் நிரப்பி, கண்ட்ரோல்-எஸ் அழுத்திவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு தயாரான ஒப்பந்தங்களில் எழுத்தர்கள் முதல் பக்கத்துப் பெயரை மாற்றினார்களே தவிர, பின்னிணைப்பு அட்டவணையைப் பார்க்கவில்லை. கையெழுத்திட வந்த ஒரு பெண்மணி அந்த அட்டவணையில் பேனாவை நிறுத்தி, தாளை என் பக்கமாகத் திருப்பி, ஒரு வரியின் கீழே விரலை வைத்து, “இவர் யாருங்க? இவருடைய வீட்டை நான் எதற்கு அடகு வைக்க வேண்டும்?” என்று கேட்டார். குரலைக்கூட உயர்த்தவில்லை. அதுதான் இன்னமும் உறுத்துகிறது.

அதன் பின் ஒரு நிரலாளரிடம் சொல்லி, வார்ப்புருவை மேக்ரோவை (தானாக ஓடும் சிறு நிரலை) உள்ளே வைக்கக்கூடிய டாட்எம் வகைக்கு மாற்றி, ‘ஃபைல்சேவ்’ என்ற பெயரில் அதற்குள் ஒரு மேக்ரோ எழுதவைத்தோம். வேர்டின் உள்கட்டளைக்கு உரிய பெயரையே மேக்ரோவுக்கு வைத்தால், சேமிக்கும் பொத்தானை அழுத்தும்போது அந்த மேக்ரோதான் ஓடும். அவர் தந்த முதல் வடிவம் வார்ப்புருவை மட்டுமல்லாமல் அதிலிருந்து உருவான ஒப்பந்தங்களையும் சேமிக்கவிடவில்லை. திறந்திருப்பது வார்ப்புருதானா என்று சோதிக்கும் ஒரு வரியைச் சேர்த்த பிறகே வேலை நகர்ந்தது. உங்கள் இடங்களில் இப்படி நடந்ததுண்டா?

சர்வர்காவலர் எழுதியது:

நடந்தது வருத்தத்திற்குரியது, ஆனால் நீங்கள் தேர்ந்துகொண்ட தீர்வு நிற்காது. நான் பார்த்த சம்பவம் சிறியது. இதே மேக்ரோ இருந்த ஓர் அலுவலகத்தில் எழுத்தர் ஒருவர் சேமிக்கும் பொத்தானை அழுத்தினார். ‘அனுமதி இல்லை’ என்ற பெட்டி வந்தது. அவர் அலட்டிக்கொள்ளாமல் சாளரத்தை மூடினார், மாற்றங்களைச் சேமிக்கவா என்று வேர்டு வழக்கம்போல் கேட்டது, ஆம் என்று சொடுக்கினார், சேமித்துவிட்டது. அருகில் நின்ற மேலாளர் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஃபைல்சேவ் மேக்ரோ அந்த ஒரு கட்டளையை மட்டுமே மறிக்கும். வேறாகச் சேமிக்கும் எஃப்12 விசைக்கு ‘ஃபைல்சேவ்ஆஸ்’ என்று தனியாக எழுத வேண்டும். மூடும்போது கேட்கப்படும் கேள்வி இவை இரண்டின் வழியாகவும் வருவதில்லை. அதையும் பிடிக்க வேண்டுமானால் எந்த வழியில் சேமித்தாலும் அதற்குச் சற்று முன் நிரலைத் தூண்டும் ‘டாக்குமெண்ட்பிஃபோர்சேவ்’ என்ற நிகழ்வு தேவை. எக்செலில் சேமிப்புக்கு முந்தைய நிகழ்வு பணிப்புத்தகத்திலேயே கிடைக்கும். வேர்டிலோ அது செயலி மட்டத்தில்தான் உண்டு என்பதால் தனி வகுப்புத் தொகுதி (கிளாஸ் மாட்யூல்) ஒன்றை எழுதி, சேமிப்பை ரத்துசெய்ய அதில் ‘கேன்சல்’ என்பதற்கு ‘ட்ரூ’ என்று கொடுக்க வேண்டும். இவ்வளவும் செய்தாலும், மேக்ரோ முடக்கப்பட்ட கணினியில் திறந்தால் ஒரு வரிகூட ஓடாது. 2022 முதல் இணையத்திலிருந்து இறக்கிய கோப்புகளின் மேக்ரோக்கள் இயல்பாகவே தடுக்கப்படுகின்றன என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது வேறு. வார்ப்புருக்களைச் சர்வரில் தனிக் கோப்புறையில் வையுங்கள். எல்லோருக்கும் படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள். மாற்றும் உரிமை ஓரிருவரிடம் இருக்கட்டும். வேர்டின் மேம்பட்ட விருப்பங்களில் கோப்பு இருப்பிடங்கள் என்ற பகுதிக்குச் சென்று, பணிக்குழு வார்ப்புருக்களின் இடமாக அந்தக் கோப்புறையைக் காட்டிவிட்டால், புதிய ஆவணம் தொடங்கும் பக்கத்திலேயே அவை தெரியும். யாரும் கோப்புறையைத் தேடிப்போய்த் திறக்க வேண்டியதில்லை. கோப்பின் பண்புகளில் ‘படிக்க மட்டும்’ என்று குறியிட்டு நிம்மதியாக இருப்பவர்களையும் கண்டிருக்கிறேன். எழுதும் உரிமை உள்ள எவரும் அந்தக் குறியை எடுத்துவிடலாம். தடை கோப்பின் அனுமதியில் இருக்க வேண்டும். பொத்தானில் இருந்து பயனில்லை.

பழுதுநீக்கி எழுதியது:

சர்வர்காவலர் அவர்களே, அனுமதி என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனால் அதைப் படிப்பவர் ஆவணக் கோப்புறையிலும் அதையே செய்து பார்ப்பார். ஓரிடத்தில் அப்படித்தான், ‘திருத்தலாம், நீக்கக் கூடாது’ என்று நீக்கும் உரிமையை மட்டும் மறுத்து வைத்தார்கள். வேர்டு பழைய கோப்பின் மேலேயே எழுதுவதில்லை. அதே கோப்புறையில் தற்காலிகக் கோப்பொன்றை உருவாக்கி, அதில் முழுவதையும் எழுதி, பழையதை விலக்கிவிட்டுப் புதியதற்கு அந்தப் பெயரைச் சூட்டுகிறது. விலக்க உரிமை இல்லாததால் சேமிப்பு ஒவ்வொரு முறையும் பிழையில் முடிந்தது. என்னை அழைத்த தட்டச்சர் திரையைக் காட்டினார்: அலைக்குறியில் (~) தொடங்கும் டிஎம்பி என்ற தற்காலிகக் கோப்புகள் மேலிருந்து கீழ்வரை வரிசையாக நின்றன. “இதில் என்னுடையது எது, சார்?” என்றார். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் பதில் சொல்ல முடிந்தது.

கடைசிமேசை எழுதியது:

பொது வார்ப்புருவைப் பற்றியே பேசுகிறீர்கள், வெற்று ஆவணம் ஒவ்வொன்றுக்கும் வேர்டு அடிப்படையாகக் கொள்ளும் நார்மல்.டாட்எம்மை மறந்துவிட்டீர்கள். பலர் ஒரே பயனர் கணக்கில் உட்காரும் கணினி ஒன்றில், யாரோ அலங்கார எழுத்துரு ஒன்றைத் தேர்ந்து, இனி எல்லா ஆவணங்களுக்கும் இதுவே என்று உறுதிசெய்துவிட்டார்கள். மறுநாள் எங்கள் அதிகாரி தட்டச்சு செய்த இரங்கல் கடிதம் திருமண அழைப்பிதழ் போல வெளிவந்தது. நார்மல் வார்ப்புருவைச் சேமிக்கும் முன் கேட்கும்படி மேம்பட்ட விருப்பங்களில் ஒரு பெட்டி உண்டு. அதைக் குறியிட்டு வைத்திருக்கிறோம். கெட்டுப்போனால் அந்தக் கோப்பின் பெயரை மாற்றிவிடலாம். வேர்டு புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும்.

வாசிப்பறை எழுதியது:

எங்கள் சிக்கல் இதற்கு நேரெதிரானது: ஆவணமே எங்கும் சேமிக்கப்படக் கூடாது. வெளியிடப்படாத வரைவொன்றைச் சிலர் எங்கள் கணினிகளில் படித்து, ஓரத்தில் கருத்தெழுதி, அச்சிட்டுக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். வரைவு வார்ப்புருவாக இருந்ததால் ஒவ்வொருவருக்கும் பெயரில்லாத புதிய படிதான் திறந்தது. சேமி, வேறாகச் சேமி என்ற கட்டளைகளைக் குழுக் கொள்கை (அலுவலகக் கணினிகளை மொத்தமாகக் கட்டுப்படுத்தும் விண்டோஸ் அமைப்பு) வழியாக முடக்கியிருந்தோம். அமர்வு முடிந்ததும் ஒருவர் என்னை அழைத்து, தகவல் பக்கத்தில் ஆவண மேலாண்மைக்குள் சென்று, சேமிக்கப்படாத ஆவணங்களின் பட்டியலைத் திறந்து காட்டினார். அவருக்கு முன் அதே இருக்கையில் இருந்தவர்களின் படிகளும் அதில் இருந்தன. வேர்டு இயல்பாகவே 10 நிமிடத்திற்கு ஒருமுறை மீட்பு நகல் எடுத்து வைக்கிறது. சேமிக்காமல் மூடினாலும் கடைசி நகலை விட்டுவைக்கிறது. அந்த விருப்பத்தை யாரும் அணைக்கவில்லை. அவர் குறை சொல்லவில்லை, “நான் எழுதியதையும் அடுத்தவர் படிப்பார், இல்லையா?” என்று மட்டும் கேட்டார்.

இனி யாராவது ‘திருத்தக் கட்டுப்பாடு’ போட்டுக் கடவுச்சொல் வைக்கச் சொல்வதற்கு முன் இதையும் எழுதிவிடுகிறேன்: அது மறையாக்கம் அன்று. டாக்எக்ஸ் கோப்பு ஒரு ஜிப் பொதிதான்; அதைப் பிரித்து, அமைப்புகளுக்கான எக்ஸ்எம்எல் கோப்பில் அந்தக் கட்டுப்பாட்டைக் குறிக்கும் வரியை நீக்கினால் கடவுச்சொல் இல்லாமலேயே கட்டுப்பாடு போய்விடும்.

கோப்புக்கட்டு எழுதியது:

சர்வர்காவலர் சொன்னபடியேதான் எங்கள் நிறுவனத்திலும் செய்தார்கள். மூல வார்ப்புருவின் மேல் அதன் பின் ஓர் எழுத்துகூட யாராலும் எழுத முடியவில்லை, அதை மறுக்கவில்லை. ஆனால் படிக்க முடிகிற கோப்பை நகலெடுக்கவும் முடியும். சர்வர் மெதுவாக இருக்கிறதென்று ஆளுக்கொரு படியைத் தங்கள் மேசைத்திரையில் வைத்துக்கொண்டார்கள். தாமதக் கட்டணம் பற்றிய பிரிவைச் சட்டப் பிரிவினர் மாற்றி எழுதி மூலத்தில் ஏற்றினார்கள். பாதிப் பேர் பழைய படியிலேயே ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே நாளில் ஒரே அறையிலிருந்து வந்த இரண்டு ஒப்பந்தங்களைத் தணிக்கையாளர் அருகருகே வைத்து, இரண்டு வேறு விகிதங்களின் மேலும் பென்சிலால் வட்டமிட்டார். இப்போது அடிக்குறிப்பில் வார்ப்புருவின் பதிப்புத் தேதி வருகிறது. அந்தத் தேதி பழையதாக இருந்தால் கையெழுத்துக்கு அனுப்புவதில்லை. ஏற்கெனவே போன ஒப்பந்தங்களைத் தேடியெடுத்துத் திருத்த உடன்படிக்கை வாங்கும் வேலை இன்னும் முடியவில்லை.