புதுப்பிப்பு: அந்த அக்கார்டியன் வாசிச்சது யாருன்னு தெரிஞ்சுபோச்சு

போன தடவை கேட்டிருந்தேன்ல, எங்க வீட்டு பழைய எம்.எஸ்.வி ரெக்கார்ட் ஒண்ணுல ரெண்டாவது இடையிசைல வர்ற அக்கார்டியன் யாருன்னு. லேபிள்ல பாடகர், கவிஞர், இசையமைப்பாளர் பேரோட சரி.

பெரம்பூர்ல எங்களுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு ஆங்கிலோ இந்தியன் அங்கிள் இருக்காரு, லோகோ ஒர்க்ஸ்ல வேலை பாத்துக்கிட்டே சாயங்காலம் டான்ஸ் பேண்டுல கிடார் வாசிச்சவரு. போட்டுக் காட்டுனேன், நாலு செகண்ட்ல கைய தூக்கிட்டாரு. "மங்களமூர்த்திப்பா, வேற யாரு?" எப்படி அங்கிள்னு கேட்டா ஊசிய பின்னாடி வைக்கச் சொல்லி, "துருத்திய (அக்கார்டியன்ல இழுத்து அமுக்குற காத்துப்பை) எங்க திருப்புறாருன்னு கேளு, ராகம் அறுபடவே இல்ல பாரு"ங்கிறாரு. அப்புறம்தான் எனக்கே அது காதுல விழுந்துச்சு, சிலிர்த்துடுச்சு.

அப்போ பாடகரும் ஆர்க்கெஸ்ட்ராவும் ஒண்ணா நின்னுதான் ரெக்கார்டிங், ஒருத்தர் தப்பு பண்ணா எல்லாரும் முதல்ல இருந்து. அப்படி உழைச்ச கிடார் பிலிப்ஸ், டிரம்ஸ் நோயல் கிராண்ட் பேரெல்லாம் எத்தனை பேருக்கு தெரியும்? இது நியாயமே இல்லங்க. இளையராஜாவோட 1986 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்துல சோலோ வயலின் வி.எஸ். நரசிம்மன்னு தெரியும், அதனால அத வச்சு மத்த பாட்டுல அவரோட வயலின் வில் வீச்ச ஒப்பிட்டு கேக்க முடியுது. அறுபதுகளுக்கு அந்த வசதி கம்மி, கூட வாசிச்சவங்க காதுதான் ஆதாரம்.

ராயபுரம், வியாசர்பாடி பக்கம் இருக்கீங்கன்னா, சினிமா ஸ்டுடியோவுல வாசிச்ச தாத்தா யாராவது உங்க வீட்ல இருந்தா இப்பவே பாட்ட போட்டுக் காட்டி, சொல்றத போன்ல பதிவு பண்ணி வைங்க.