பைத்தான் லூப்பில் ஒன்றைத் தாண்டப்போய் மாட்டிக்கொண்ட மூவரின் அனுபவங்கள்

வகுப்புத் தேர்வின் சராசரி பார்க்க ஓர் ஆசிரியைக்குப் பைத்தான் மொழியில் நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். தேர்வுக்கு வராதவர்களுக்கு -1 போடுவார்கள். மதிப்பெண் லிஸ்டை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு லூப் ஓடும்போதே -1 கண்ணில் பட்டால் ரிமூவ் போட்டு லிஸ்டிலிருந்து எடுத்துவிடும்படி எழுதியிருந்தேன். இரண்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது. ஒருநாள், "தம்பி, சராசரி 56னு காட்டுது. கையில போட்டா 75 வருதே" என்று போன் வந்தது.

லிஸ்ட் இதுதான்: 72, -1, -1, 65, 88. அடுத்தடுத்து இரண்டு ஆப்சென்ட். இரண்டாம் இடத்து -1ஐ எடுத்ததும் பின்னால் இருந்தவை ஓரிடம் முன்னால் நகர்ந்தன. அடுத்த -1 அதே இரண்டாம் இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. லூப்போ அந்த இடத்தைப் பார்த்தாயிற்று என்று மூன்றாவதுக்குப் போய்விட்டது. மிஞ்சிய -1ஐயும் சேர்த்து 224ஐ 4ஆல் வகுத்திருக்கிறது. டிக்‌ஷனரி (பெயரும் மதிப்பும் ஜோடியாக இருக்கும் தொகுப்பு) என்பதில் இப்படி நடுவில் எடுத்தால் பைத்தான் எரர் காட்டி நிறுத்திவிடும். லிஸ்டில் ஒரு சத்தமும் வராது. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

இப்போது லிஸ்டில் கைவைப்பதே இல்லை. லூப்பின் முதல் வரியிலேயே, -1 என்றால் கண்டின்யூ, அதாவது மீதியை விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போ. கூட்டுவதும் எண்ணுவதும் அதற்குக் கீழே.

*

எனக்குக் கண்டின்யூவே காலை வாரியது. மாமாவின் மளிகைக் கடைக்கு, இருப்பு 5க்குக் கீழே போன சாமான்களைப் பட்டியல் போடும் நிரல். இன்னும் எண்ணிப் பார்க்காத சாமானுக்கு நன் (None, மதிப்பு எதுவும் இல்லை) என்று வைத்திருந்தேன். அதைத் தாண்ட, "இஃப் நாட் இருப்பு" (இருப்பு இல்லை) என்றால் கண்டின்யூ என்று எழுதினேன். பைத்தானுக்கு 0கூட இல்லை என்பதில்தான் சேரும். 4 பாக்கெட் இருந்த சேமியா பட்டியலில் வந்தது, சுத்தமாகத் தீர்ந்துபோன துவரம்பருப்பு வரவில்லை! அவசரமாக வாங்க வேண்டியதே அதுதானே. "இருப்பு இஸ் நன்" என்று மாற்றிய பிறகு சரியானது. எதைத் தாண்டுகிறோம் என்பதை அப்படியே சொல்லிவிடுங்கள், சுருக்கி எழுதாதீர்கள்.

*

சி மொழியிலிருந்து வந்தவர்களுக்காக என்னுடையதையும் சொல்கிறேன். அங்கே லூப்புக்குள் எண்ணிக்கையைக் கூட்டினாலே ஒன்றைத் தாண்டிவிடலாம். "பக்கம்" என்று தொடங்கும் வரி வந்தால் அதையும் அடுத்த வரியையும் விட வேண்டும். ஃபார் லூப்பில், 0, 1, 2 என்று வரிசையாக எண் கொடுக்கும் ரேஞ்ச் வைத்து, உள்ளே வரி எண்ணான ஐ-யோடு 1 கூட்டிவிட்டுக் கண்டின்யூ போட்டேன். அடுத்த வரி அப்படியே வந்து நின்றது. பிரிண்ட் போட்டுப் பார்த்த பிறகுதான் புரிந்தது: நாம் என்ன கூட்டினாலும், அடுத்த சுற்றில் ரேஞ்ச் தன் வரிசையில் உள்ள எண்ணைத்தான் ஐ-க்குக் கொடுக்கும். வரிகளின் லிஸ்டை இட்டர் கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும் இட்டரேட்டராக்கி, அதன்மேல் லூப் ஓட்டி, தாண்ட வேண்டிய இடத்தில், அடுத்ததை எடுத்துவிடும் நெக்ஸ்ட் கூப்பிட்டேன், வேலை முடிந்தது. நெக்ஸ்டுக்கு இரண்டாவதாக நன் கொடுத்துவிடுங்கள். "பக்கம்" கடைசி வரியாக வந்த ஃபைலில் அது இல்லாமல், எடுக்க எதுவும் மிச்சமில்லை என்கிற ஸ்டாப்இட்டரேஷன் எரர் வாங்கினேன்.